இயங்கலை வகுப்புக்கு ஒரு நாற்காலி: கல்லூரி நூலகங்களுக்கான முழு வழிகாட்டி

கோலாலம்பூரில் படிக்கும் ஒரு மாணவியின் புதன்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு இயங்கலையில் விரிவுரை, ஒரு மணிக்கு முடியும். இரண்டு மணிக்குக் கல்லூரியில் செய்முறை வகுப்பு. வீடு ரவாங்கில். விரிவுரையை வீட்டில் கேட்டுவிட்டுக் கிளம்பினால் கொமுட்டர் ரயிலை நம்பி இரண்டு மணிக்குள் வந்து சேர முடியாது. அதனால் காலையிலேயே கல்லூரிக்கு வந்துவிடுகிறாள். வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன, சிற்றுண்டிச் சாலையில் இரைச்சல், நூலகத்தில் 'அமைதி காக்கவும்' பலகை. விரிவுரையாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாய் திறந்து பதில் சொல்ல அவளுக்கு இடமில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லா வகுப்பும் வீட்டுக்குப் போயின. பிறகு வகுப்புகள் திரும்பி வந்தன, ஆனால் முழுதாக வரவில்லை. பாதி இங்கே, பாதி திரையில் என்று நிலைத்துவிட்டது. நூலகங்கள் இதை இரண்டு தனி வேலைகளாகப் பார்க்கின்றன. மின்னூல், சஞ்சிகைச் சந்தா எல்லாம் ஒருவர் பொறுப்பு. மேசை நாற்காலி இன்னொருவர் பொறுப்பு. என் கணக்கில் இரண்டும் ஒரே வேலை. இணைப்பு திறந்து உட்கார இடமில்லாவிட்டாலும் படிப்பு நடக்காது, இடம் இருந்து இணைப்பு திறக்காவிட்டாலும் நடக்காது.

ஒரு நூலகர், இரண்டு உதவியாளர், குறைந்த பணம் என்று ஓடிக்கொண்டிருக்கும் கல்லூரி நூலகங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கட்டடத்தையே இடித்துக் கட்டும் வசதி உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

படி 1: எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் எண்ணுங்கள்

நுழைவாயில் கணக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லும். வந்தவர் என்ன செய்தார் என்று சொல்லாது. ஒரு தாளில் நூலகத்தின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு, நாளுக்கு ஐந்து முறை ஒரு சுற்று நடந்து வாருங்கள்: காலை பத்து, மதியம் ஒன்று, மாலை நான்கு, ஏழு, பிறகு மூடுவதற்குச் சற்று முன். சாதாரண வாரம் ஒன்று, தேர்வுக்கு முந்தைய வாரம் ஒன்று. இந்த இரண்டு வாரம் போதும்.

சுற்றும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு குறி. தனியாக இருக்கிறாரா, கூட்டமாகவா? மடிக்கணினியா, கைப்பேசியா, தாளா? மின்செருகியைத் தேடிச் சுவரோரம் ஒட்டியிருக்கிறாரா? காதில் மாட்டிக்கொண்டு திரையோடு பேசுகிறாரா? பை மட்டும் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளையும் தனியாகக் குறியுங்கள். இடம் பிடித்து வைத்துவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போனவரின் பை அது. 'நூலகம் நிரம்பி வழிகிறது' என்று நிர்வாகத்திடம் சொல்வதற்கு முன் அதில் எத்தனை பைகள் என்று தெரிந்திருப்பது நல்லது.

இரண்டாவது எண்ணிக்கை முகப்பில். மாணவர் வந்து கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் அப்படியே, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். "மிஸ், லிங்க் திறக்கல", "வீட்டிலிருந்து போட்டா காசு கேட்குது", "பேசுறதுக்கு ரூம் இருக்கா?" அடுத்து வரும் படிகளில் எதை முதலில் எடுப்பது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

மூன்றாவதாக, ஒரு மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வாரத்துக்கான வாசிப்பை அவருடைய கைப்பேசியில், கல்லூரி வைஃபையை அணைத்துவிட்டு, திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எந்தத் திரையில் அவர் கைவிடுகிறார் என்று மட்டும் பாருங்கள். ஐந்து பேரிடம் இதைச் செய்து பார்த்தால் பெரும்பாலும் நான்கு பேர் ஒரே இடத்தில்தான் நின்றிருப்பார்கள்.

படி 2: இணைப்பை உயிரோடு வைத்திருங்கள்

அவர்கள் நிற்கும் அந்த இடம் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்கும் பக்கம்தான். கல்லூரிக்குள் இருக்கும்போது தரவுத்தளம் கல்லூரியின் இணைய முகவரியைப் பார்த்துத் தானாகத் திறந்துவிடும். வீட்டிலிருந்து போனால் அதே பக்கம் முப்பது டாலர் கேட்கும். மாணவர் அதைப் பார்த்துவிட்டு, நூலகம் இதை வாங்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இதற்கு வழி, வெளியிலிருந்து வருபவரைக் கல்லூரி அடையாளத்தோடு உள்ளே அனுப்பும் ஓர் இடைவாசல். ஈசிபிராக்ஸி, ஓப்பன் ஏதென்ஸ் போன்றவை அந்த வேலைக்காகவே உள்ளவை. எதைத் தேர்ந்தாலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: மூடுல் போன்ற கற்றல் தளத்துக்கு எந்தக் கடவுச்சொல்லோ நூலகத்துக்கும் அதுவே இருக்க வேண்டும். மூடுலுக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று மூன்று வைத்தால், மூன்றாவதை மறந்த மாணவர் உங்களிடம் வர மாட்டார், கூகளிடம் போவார். வைஃபைக்கு, கல்விக்கூடங்கள் பகிர்ந்துகொள்ளும் எடுரோம் சேவை கிடைக்குமா என்றும் கணினித் துறையிடம் கேட்டுப் பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்துக்கோ பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கோ போகும் உங்கள் மாணவர், அங்கேயும் தன் கல்லூரிக் கணக்கிலேயே இணையத்தில் நுழைந்துவிடலாம்.

அப்புறம், விரிவுரையாளர்கள் இணைப்பு போடும் விதம். பெரும்பாலானோர் உலாவியின் மேல்பட்டையில் உள்ள முகவரியை நகலெடுத்து மூடுலில் ஒட்டிவிடுகிறார்கள். பல தரவுத்தளங்களில் அந்த முகவரி அன்றைய அமர்வுக்கு மட்டுமே உயிரோடு இருக்கும். திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை செத்துவிடும். 'நிலையான இணைப்பு' என்று கட்டுரைப் பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருக்கும், அல்லது கட்டுரைக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் இருக்கும். அந்த இரண்டில் ஒன்றுக்கு முன்னால் உங்கள் இடைவாசலின் முகவரியைச் சேர்த்தால்தான் வீட்டிலிருந்தும் திறக்கும். இதை விரிவுரையாளருக்குப் பாடமாக எடுக்காதீர்கள், அவர்களுக்கு நேரமில்லை. "பாடப் பட்டியலை எங்களிடம் அனுப்புங்கள், இணைப்புகளை நாங்கள் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லுங்கள். பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு ஓர் உதவியாளர் உட்கார்ந்தால் ஒரு துறைக்கு ஒரு நாள் வேலை. அதன்பின் பருவம் முழுவதும் முகப்பில் புகார் குறைந்திருக்கும்.

மின்னூல்களில் இன்னொரு வம்பு இருக்கிறது. கல்லூரி நூலகங்கள் மலிவாக இருக்கிறதே என்று ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் படிக்கக்கூடிய உரிமத்தை வாங்கிவிடுகின்றன. வகுப்பில் நாற்பது பேர். திங்கள் காலை சிறுதேர்வு, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு நாற்பது பேரும் அந்த ஒரு நூலைத் திறக்கிறார்கள். முதலில் போனவர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிப்போகிறார். மற்ற 39 பேருக்கும் 'நூல் பயன்பாட்டில் உள்ளது' என்ற செய்தி. ஆகவே கட்டாய வாசிப்பு என்று பட்டியலில் இருக்கும் நூலுக்கு மட்டுமாவது மூவர் உரிமமோ வரம்பில்லா உரிமமோ வாங்குங்கள். மற்ற நூல்களுக்கு ஒருவர் உரிமம் போதும். மூடுலில் இணைப்புக்குப் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: எந்த அத்தியாயம், எந்தப் பக்கங்கள், ஒரே நேரத்தில் எத்தனை பேர், தரவிறக்கினால் எத்தனை நாள் வைத்திருக்கலாம். இந்த இரண்டு வரியே ஞாயிறு இரவுக் கூட்டத்தைப் பாதியாகக் குறைக்கும். அச்சுப் பிரதி ஒன்றிருந்தால் சிவப்புப் புள்ளி ஒட்டி, இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் இரவல் கொடுங்கள். பழைய முறைதான், இன்றும் வேலை செய்கிறது.

படி 3: ஸ்கேன் செய்து ஏற்றுவதற்கு முன்

'புத்தகத்தை முழுசா ஸ்கேன் போட்டுப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிடுங்க' என்று கேட்கும் விரிவுரையாளர் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆராய்ச்சி, சொந்தப் படிப்பு, விமர்சனம் போன்ற காரணங்களுக்காக நியாயமான அளவு பயன்படுத்த இடம் கொடுக்கிறது. எதற்காகப் பயன்படுத்துகிறோம், எந்த மாதிரிப் படைப்பு, எவ்வளவு பகுதி எடுக்கிறோம், அதன் விற்பனையை அது பாதிக்குமா என்று நான்கையும் பார்க்கச் சொல்கிறது. ஒரு பருவத்துக்கு, அந்த வகுப்பு மாணவர் மட்டும் உள்ளே வரக்கூடிய பக்கத்தில், ஓர் அத்தியாயம், மூல நூலின் பெயரோடு என்பது பேசி நிலைநாட்டக்கூடிய நிலை. முழு நூலைப் புலனக் குழுவில் விடுவது அப்படியல்ல. கல்லூரிக்கென்று ஒரு பக்கத்தில் விதியை எழுதி, சட்டம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு, முதல்வரின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 'முடியாது' என்று சொல்வது நூலகரின் பிடிவாதமாகத் தெரியாது.

இங்கே பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை நீளும். பாரதியார் 1921-இலும் பாரதிதாசன் 1964-இலும் மறைந்தவர்கள், அவர்கள் பாடல்களை ஏற்றுவதில் தடையில்லை. ஆனால் நேற்று ஒருவர் எழுதிய உரையோ குறிப்போ அந்தப் பதிப்பில் இருந்தால் அது அவருக்குச் சொந்தம்.

படி 4: தமிழ் நூல்கள் தேடினால் கிடைக்க வேண்டும்

தமிழ் எடுத்துப் படிக்கும் மாணவர், இந்திய ஆய்வியல் துறை மாணவர், ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர், தமிழ்ப்பள்ளியில் வேலை செய்துகொண்டே பட்டம் படிப்பவர் எல்லாரும் நம் நூலகத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முதல் தடங்கல் நூல் இல்லாதது அல்ல. அலமாரியில் இருக்கும் நூல் கணினியில் கிடைக்காததுதான்.

காரணம் பட்டியலில் இருக்கிறது. பெரும்பாலான நூலகங்களில் தமிழ் நூலின் தலைப்பை ரோமன் எழுத்தில், நூலகத் துறையின் ஒலிபெயர்ப்பு முறைப்படி ஏற்றியிருப்பார்கள். அந்த முறையில் சிலப்பதிகாரம் ஆங்கில சி எழுத்தில் தொடங்கும். மாணவர் எஸ் போட்டுத் தேடுகிறார். திருக்குறளில் முதல் எழுத்து வெறும் டி, மாணவர் டி-யோடு எச் சேர்க்கிறார். தமிழ் என்ற சொல்லின் கடைசி எழுத்து அடிக்கோடிட்ட எல், மாணவர் இசட்-எச் போடுகிறார். கணினி 'எதுவும் கிடைக்கவில்லை' என்கிறது. மாணவர் போய்விடுகிறார். நூல் அவருக்கு ஆறடி தள்ளி அலமாரியில் இருக்கிறது.

சரிசெய்வது கடினமில்லை, பொறுமை வேண்டும். நூலகப் பட்டியலுக்கான மார்க் பதிவில் 880-ஆம் புலம் மூல எழுத்துக்காகவே உள்ளது. அங்கே தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழில் ஏற்றுங்கள். 246-ஆம் புலத்தில் மக்கள் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சேருங்கள். கோஹா போன்ற இலவச நூலக மென்பொருளில் இரண்டையும் செய்யலாம். எல்லா நூலையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். இந்தப் பருவத்துப் பாடப் பட்டியலில் உள்ள நூல்கள், அடுத்து கடந்த ஓராண்டில் இரவல் போனவை, மற்றவை பிறகு. பகுதிநேர வேலை தேடும் தமிழ்த்துறை மாணவர் ஒருவருக்கு மணிக்கணக்கில் கூலி கொடுத்து இதைச் செய்யலாம். நூலகத்துக்கும் அவருக்கும் நல்லது.

நூலகக் கணினிகளில் தமிழ் விசைப்பலகையும் இருக்க வேண்டும். தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு தட்டச்சு முறைகளையும் நிறுவி வையுங்கள். முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இந்த நாட்டிலேயே பிறந்தது, நம் மாணவர் பலர் கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பழகிய முறை நூலகக் கணினியில் இல்லையென்றால் மீண்டும் ரோமன் எழுத்துக்கே திரும்புவார்கள்.

இலவச மூலங்களை ஒரே பக்கத்தில் தொகுத்து மூடுலில் வைத்துவிடுங்கள். 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் படமாக இல்லாமல் எழுத்தாகவே கிடைக்கின்றன, தேடலாம், நகலெடுக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்களின் ஸ்கேன் பிரதிகள் உள்ளன. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் இணையத் திட்டம் இருக்கிறது. ஸ்கேன் பிரதி என்றால் படம், உள்ளே சொல்லைத் தேட முடியாது என்பதையும் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சான பிடிஎஃப் என்றால் இன்னும் மோசம்: திரையில் தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகள் வரும். ஆய்வுக் கட்டுரை எழுதுபவர் இதைக் கடைசி இரவில் கண்டுபிடிக்க விடக் கூடாது.

மலேசியத் தமிழ் எழுத்து இந்தத் தளங்களில் குறைவு. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்ற தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களின் பழைய பிரதிகளைக் கேட்டு மாணவர் வருவார்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கு வெளியாகும் நூல்கள், இதழ்களின் பிரதிகளைத் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஆகவே முதலில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அந்த நூலகத்துக்கு அனுப்புங்கள். நம் கல்லூரியிலேயே உள்ள ஆய்வேடுகள், ஆண்டு மலர்கள், கலைநிகழ்ச்சி மலர்கள் ஆகியவற்றை டிஸ்பேஸ் போன்ற இலவச மென்பொருளில் ஏற்றிவைத்தால், அவை வேறெங்கும் இல்லாத தொகுப்பாக நிற்கும். எழுதியவரின் ஒப்புதல் தாளை மட்டும் மறக்காமல் வாங்குங்கள்.

படி 5: பேசக்கூடிய இடம்

இப்போது நாற்காலிக்கு வருவோம். கல்லூரி நூலகத்தில் அமைதியான இடம் ஏற்கெனவே இருக்கிறது, குழு அறையும் ஒன்றிரண்டு இருக்கும். இல்லாதது, ஒருவர் தனியாக உட்கார்ந்து திரையோடு சத்தமாகப் பேசும் இடம். அதை முதலில் உண்டாக்குங்கள்.

கண்ணாடிக் கூண்டுகள் விற்பனைக்கு உள்ளன. அழகானவை, விலையும் அழகாகவே இருக்கும். வாங்குவதற்கு முன் ஒன்றில் இருபது நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். காற்றோட்டம் சரியில்லாத கூண்டு இந்த ஊர்ப் புழுக்கத்தில் தாங்காது. மாணவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார், கூண்டு வாங்கிய காரணமே போய்விடும்.

மாற்று வழி, ஏற்கெனவே சத்தமாக இருக்கும் பகுதியைப் பேச்சுக்கு ஒதுக்குவது. நகலெடுக்கும் இயந்திரம், முகப்பு, மாடிப்படி இவற்றுக்கு அருகே உள்ள மேசைகளை யாரும் அமைதிக்காகத் தேர்வதில்லை. அங்கே 'பேசலாம்' என்று பலகை வையுங்கள். அமைதிப் பகுதியைக் கட்டடத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோங்கள். நடுவில் நூல் நிறைந்த அலமாரிகளை நிறுத்துங்கள். வெறும் அலமாரி சத்தத்தைத் தடுக்காது, நூல் நிறைந்தது ஓரளவு உள்வாங்கும். மேசைக்கு மேசை இடுப்புயரத் துணித் தடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஒலிவாங்கியோடு கூடிய காதணிக் கருவிகள் பத்து வாங்கி இரவல் கொடுங்கள். வாய்க்கு அருகே ஒலிவாங்கி இருந்தால் மாணவர் தானாகவே மெல்லப் பேசுவார். பலகை போட்டுச் சொல்வதைவிட இது பலிக்கும்.

நேர்முகத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, ஆலோசகரோடு பேச்சு இவற்றுக்கு மூடிய அறை ஒன்றாவது தேவை. பழைய பொருள் வைக்கும் அறையே போதும். கதவில் கண்ணாடி இருக்கட்டும், உள்ளே ஆள் இருப்பது பாதுகாவலருக்குத் தெரிய வேண்டும். நாற்காலியைச் சன்னலுக்கு முதுகு காட்டிப் போடாதீர்கள், திரையில் முகம் கருத்துவிடும். வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும், பின்னால் வெறும் சுவர்.

முன்பதிவுக்குப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. ஒரு கூகள் படிவமும் நாட்காட்டியும், கதவில் ஒட்டிய கியூஆர் குறியும் தொடங்கப் போதும். ஒரு மணி நேரத் துண்டுகளாகக் கொடுங்கள், இயங்கலை வகுப்பு உள்ளவருக்கு இரண்டு துண்டு. பதினைந்து நிமிடம் தாண்டியும் வராவிட்டால் அறை அடுத்தவருக்கு. இந்த ஒரு விதியை முதல் வாரத்திலிருந்தே கறாராக நடத்துங்கள். பிறகு தளர்த்தலாம், முதலில் தளர்த்திவிட்டுப் பிறகு இறுக்க முடியாது. முன்பதிவில் வாங்கும் பெயர், மாணவர் எண் ஆகியவற்றைப் பருவ முடிவில் அழித்துவிடுங்கள். தனியார் கல்லூரி என்றால் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும்.

வைஃபையைக் கணினித் துறை காலை எட்டு மணிக்கு வந்து சோதித்துவிட்டு 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சொல்லும். பதினோரு மணிக்கு வரச் சொல்லுங்கள். ஒரு காணொலி வகுப்புக்கு ஏறுவழி, இறங்குவழி இரண்டிலும் 2 முதல் 4 மெகாபிட் தேவை என்று வைத்துக்கொண்டால், முப்பது பேர் சேர்ந்து உட்காரும்போது 100 மெகாபிட்டை நெருங்கிவிடும். அதோடு ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி, அதுவும் இணைந்திருக்கும். இரும்பு அலமாரிகள் அலையை மறைக்கும் என்பதால், அலமாரிகளை நகர்த்திய பிறகு மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.

மின்செருகிகளில் மின்சாரத்தின் அளவு அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. 65 வாட் சார்ஜர் நாற்பது சேர்ந்தாலும் 2,600 வாட்தான், தண்ணீர் காய்ச்சும் கெட்டில் ஒன்றே 2,000 வாட்டைத் தொடும். சிக்கல் ஒரு நீட்டிப்புப் பலகையில் இன்னொன்றைச் செருகி, அதில் மூன்றாவதைச் செருகுவதில் இருக்கிறது. சிரிம் தரமுத்திரை உள்ள பலகைகள் மட்டும், ஒவ்வொன்றும் சுவரிலிருந்து நேராக. நடைபாதையைக் கடக்கும் கம்பி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பழைய கட்டடம் என்றால் மின்பணியாளரை அழைத்து எந்தச் சுற்றில் எத்தனை செருகி என்று ஒருமுறை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சக்கரம் வைத்த மேசைகள் வாங்கலாம், தேர்வு வாரத்தில் குழுமேசைகளைப் பிரித்துத் தனிமேசைகளாக்க உதவும். வண்ண வண்ண பீன்பேக் வேண்டாம். திறப்பு விழாப் படத்தில் நன்றாக இருக்கும், இரண்டாம் மாதம் அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அதற்கான பணத்தில் முதுகு தாங்கும் நாற்காலி வாங்குங்கள், மூன்று மணி நேர விரிவுரையை அதில்தான் கேட்க முடியும்.

படி 6: எத்தனை மணி வரை திறப்பது

பினாங்கில் 2016-இல் கிரீன் லேனில் திறந்த மின்னியல் நூலகம் இரவு பகல் இயங்கும் நூலகமாகப் பெயர் பெற்றது. அதைப் பார்த்துவிட்டு 'நாமும் 24 மணி நேரம் திறப்போம்' என்று மாணவர் மன்றம் கேட்கும். சின்னக் கல்லூரிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. பருவம் முழுவதும் காலியான இரவு நூலகத்துக்குக் காவல் போடுவதைவிட, தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம் இரவு பத்து மணி வரை திறந்து வைத்தால் அதிகம் பேர் பயன் பெறுவார்கள். முழு நூலகத்தையும் திறக்க வேண்டியதில்லை. தனி வாசல் உள்ள கீழ்த்தளம் மட்டும் போதும், அலமாரிப் பகுதியைப் பூட்டிவிடலாம்.

ஆனால் நேரத்தைத் தீர்மானிக்கும்போது கடைசி ரயிலைப் பாருங்கள். கிள்ளானுக்கும் செரம்பானுக்கும் போகும் மாணவர், நூலகம் மூடும் நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் நடுவில் இருட்டில் நடக்க வேண்டும். நிலையம் வரை உள்ள பாதையில் விளக்கு எரிகிறதா என்று நீங்களே ஒருமுறை அந்த நேரத்தில் நடந்து பாருங்கள். கடைசி அரை மணி நேரம் பாதுகாவலர் வாசலில் நிற்கட்டும். 'எத்தனை மணிக்கு மூடுவீர்கள்' என்று பெற்றோர் தொலைபேசியில் கேட்டால், அதைத் தொந்தரவாக எடுக்காமல் சரியான பதில் சொல்லுங்கள். பல வீடுகளில் மகள் இரவு நூலகத்தில் இருக்கலாமா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தே முடிவாகிறது.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குச் சனிக்கிழமை முக்கியம். பினாங்கின் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் படிப்பவரில் பலர் பணியில் இருப்பவர்கள். உங்கள் கல்லூரியிலும் பகுதிநேர வகுப்பு இருந்தால், வார நாளில் ஒரு காலையைக் குறைத்துச் சனி மாலையைக் கூட்டுங்கள்.

படி 7: கருவி இல்லாதவர், கண் தெரியாதவர்

மடிக்கணினி இரவல் திட்டம் தொடங்கினால் ஐந்து கணினியோடு தொடங்குங்கள். ஒரு நாள் இரவல் அல்ல, ஒரு வார இரவல். ஒரு நாளுக்குள் யாரும் கட்டுரை எழுதி முடிப்பதில்லை. விடுமுறையில் பேராக்கிலோ கெடாவிலோ உள்ள தோட்டப்புற வீட்டுக்குப் போகும் மாணவர் சிலருக்கு அலைவரிசை மெலிவாக இருக்கும். அந்தப் பாடத்தின் வாசிப்புகளை, பதிப்புரிமை இடம் கொடுக்கும் அளவில், சிறிய கோப்புகளாக்கிப் பென்டிரைவில் கொடுங்கள். ஒவ்வொரு பக்கமும் படமாக இருக்கும் 200 மெகாபைட் பிடிஎஃபைச் சுருக்கினால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸில் நடந்தால் வெள்ளைக் கோலோடு போகிறவர்களைப் பார்க்கலாம். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அவர்களில் சிலர் நம் கல்லூரி மாணவர்கள். திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் இலவசம், தமிழும் படிக்கும். ஆனால் அது எழுத்தைத்தான் படிக்கும், படத்தைப் படிக்காது. ஸ்கேன் செய்த பிடிஎஃபை எழுத்துணரி மென்பொருளில் போட்டு, பிழை திருத்தி, அப்புறம் ஏற்றுங்கள். அச்சு வாசிக்க முடியாதவர்களுக்காக நூல்களை வேறு வடிவத்துக்கு மாற்ற வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையில் மலேசியா 2022-இல் சேர்ந்தது, ஆகவே தயங்க வேண்டியதில்லை. பேசும் பகுதியில் ஒரு மேசையாவது சக்கர நாற்காலி உள்ளே நுழையும் உயரத்தில் இருக்கட்டும், அதன் பக்கத்து நடைபாதையில் நூல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

படி 8: ஊழியர்

புது மாணவர் அறிமுக நாளில் மண்டபத்தில் ஐந்நூறு பேருக்கு நூலகத்தை விளக்குவதை நிறுத்திவிடலாம், யாருக்கும் நினைவிருக்காது. முதல் கட்டுரை கொடுக்கப்பட்ட வாரத்தில் அந்த வகுப்பில் இருபது நிமிடம் கேட்டு வாங்கி, அந்தக் கட்டுரைக்கே தேடிக் காட்டுங்கள். மூடுல் பாடப் பக்கத்தில் நூலக ஊழியர் ஒருவரின் பெயரும், புலனத்தில் பதில் சொல்லும் நேரமும் இருக்கட்டும். இரவு எட்டிலிருந்து பத்து வரை என்றால் அந்த ஊழியருக்கு மறுநாள் காலையில் தாமதமாக வர அனுமதி கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் பதில் வருவது நின்றுவிடும்.

படி 9: சந்தாவைப் புதுப்பிக்கும் நேரம்

ஆண்டு முடிவில் நிர்வாகம் எண்ணிக்கை கேட்கும். தரவுத்தள நிறுவனங்கள் பலவும் கவுண்டர் என்ற பொது முறையில் பயன்பாட்டு அறிக்கை தருகின்றன. அதில் எத்தனை முறை திறந்தார்கள் என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். மறுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் அங்கே இருக்கிறது. 'லிமிட் எக்ஸீடட்' என்ற வரிசை, நூல் இருந்தும் உரிமம் போதாமல் திரும்பியவர்கள். 'நோ லைசென்ஸ்' என்ற வரிசை, நாம் வாங்காததைத் தேடி வந்தவர்கள். முதல் வரிசையில் ஒரு நூல் மாதாமாதம் வந்தால் அதன் உரிமத்தைக் கூட்டுங்கள். இரண்டாம் வரிசையில் ஒரே சஞ்சிகை திரும்பத் திரும்ப வந்தால் அதை வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். யாரும் தொடாத சந்தா எது என்பதும் அதே அறிக்கையில் தெரிந்துவிடும், கூட்டுவதற்கான பணம் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

இந்த எண்களை முதல் படியில் எடுத்த மேசை எண்ணிக்கையோடு ஒரே தாளில் வையுங்கள். ஞாயிறு இரவு எந்த நூலுக்கு மோதிக்கொண்டார்கள், புதன் பதினோரு மணிக்குப் பேசும் மேசைகள் எத்தனை நிறைந்திருந்தன, எத்தனை பேர் முன்பதிவு கேட்டு இடமில்லாமல் போனார்கள். விற்பனைப் பிரதிநிதி விலைப்பட்டியலோடு வருவதற்கு மூன்று மாதம் முன்பே அந்தத் தாள் நிதிப் பொறுப்பாளர் மேசைக்குப் போயிருக்க வேண்டும். அவர் சந்தாவுக்கு ஒரு வரி, தளவாடத்துக்கு ஒரு வரி என்று பிரித்துத்தான் கணக்கு எழுதுவார். இரண்டையும் ஒரே கோரிக்கையாக, ஒரே பாடத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: கணக்கியல் முதலாண்டுக்கு மூவர் உரிமம் இரண்டு நூல், பேசும் மேசை ஆறு, காதணிக் கருவி பத்து.